கரும்புகைக்கு எங்களைக் காட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க டீசல் பிக்கப் வண்டிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புகை வடிகட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னால் வருகிற சைக்கிள்காரர் மீது வேண்டுமென்றே கரும்புகையைக் கக்கவிடும் இளைஞர்களைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதெல்லாம் நடப்பதுதான். நியூ ஜெர்சி 2015-லும் கொலராடோ 2017-லும் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டன. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், "நம் ஊரிலும் டியூனிங் என்ற பெயரில் பிக்கப்பைப் புகைபோக்கியாக மாற்றித் தரும் மெக்கானிக்குகள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த வரியைப் படித்த பிறகு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

நான் மேட்டுப்பாளையத்தில் டீசல் பம்ப் வேலை செய்கிறவன். பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, நாலு லைனிலும் டீசல் ஒரே அளவு விழுகிறதா என்று கண்ணாடிக் குழாயில் பார்த்துச் சரிசெய்த காலத்தில் தொழிலுக்கு வந்தேன். அப்புறம் காமன் ரெயில் வந்தது, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் நிற்கும் முறை. ஸ்க்ரூ டிரைவரால் செய்த வேலை ஈசியூ என்கிற எஞ்சின் கணினிக்குள் போய்விட்டது. எத்தனை மில்லிகிராம் டீசல், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன, அதைத்தான் மேப் என்போம். அந்த அட்டவணைகளை வண்டியின் லோடுக்கும் ஓடுகிற பாதைக்கும் தகுந்தபடி திருத்துவதுதான் டியூனிங், ரீமேப் என்றும் சொல்வோம். தையற்காரர் அளவெடுத்துத் தைப்பதைப் போன்ற வேலை. இதைப் படிக்க நான் செலவழித்த பணத்தில் ஊரில் ஒரு மனை வாங்கியிருக்கலாம்.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று வேண்டும். டீசல் எஞ்சினில் அதைவிடக் கூடுதலாகவே காற்று கொடுத்தாக வேண்டும். பதினெட்டுக்குக் கீழே போனால் புகை தெரிய ஆரம்பிக்கும். ஆக, கரும்புகை என்பது எரியாமல் வீணாகப் போகிற டீசல். வண்டிக்காரர் பெட்ரோல் பங்கில் காசு கொடுத்து வாங்கிய டீசல் அது. வேலை தெரிந்த எவனும் தான் டியூன் செய்த வண்டி புகை விட்டால் தலை குனிவான். உங்கள் கட்டுரையாளர் எங்களுக்கு அடையாளமாகச் சொன்ன புகை, எங்கள் தொழிலில் தோல்விக்கு அடையாளம். இது ஊர் அறிந்த விஷயம், உங்களுக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அந்த வரியை எப்படி அனுமதித்தீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் பகுதியில் யார் டியூனிங் கேட்டு வருகிறார்கள் என்று ஒருமுறை வந்து பாருங்கள். நீலகிரியிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் இறக்கி வருகிறவர்கள், திரும்பிப் போகும்போது உரமும் அரிசியும் சிமெண்டும் ஏற்றிப் போகிறவர்கள். குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே டர்போ அதே காற்றைத் தள்ள இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் ராஜஸ்தான் வெயிலுக்கும் லடாக் குளிருக்கும் சென்னை நெரிசலுக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரு மேப் போட்டுத் தருகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, அவர்களால் அப்படித்தான் முடியும். ஆனால் தினமும் ஒன்றரை டன்னோடு கல்லாறு தாண்டி ஏறுகிறவனுக்கு 1,500 ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபர்ஸ்ட் கியரிலேயே கிளட்சைத் தேய்த்துக்கொண்டு ஏறுவான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "அண்ணா, மேட்டுல வண்டி இழுக்கவே மாட்டேங்குது, ரீமேப் பண்ணிக் குடுங்க" என்று வருகிறவர்களில் பலருக்கு ரீமேப்பே தேவைப்படாது. முதலில் ஸ்கேனரை மாட்டி, லோடோடு ஒரு ஓட்டம் ஓட்டி, டர்போ அழுத்தம், ரெயில் அழுத்தம், உள்ளே போகும் காற்றின் அளவு எல்லாவற்றையும் பதிவு செய்து பார்ப்பேன். பாதி நேரம் டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கும். இல்லாவிட்டால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், வெளிப்புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்கும், ஒரு இன்ஜெக்டர் திரும்பும் லைனில் டீசலை ஒழுகவிடும். அதைச் சரிசெய்து அனுப்பிவிடுவேன். ஹோஸ் மாற்றிய கூலிதான் கிடைக்கும். தெருவுக்குத் தெரு முளைத்தவன் செய்கிற காரியமா இது?

இங்கே உங்கள் பத்திரிகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், மன்னிக்கவும். அந்தக் கட்டுரை வந்த அதே இதழின் விளம்பரப் பக்கத்தில், பிக்கப் வண்டிகளுக்குக் கூடுதல் பவரும் மைலேஜும் தரும் பெட்டி என்று ஒரு விளம்பரம் இருக்கிறது. பல மாதங்களாக வருகிறது. அந்தப் பெட்டி என்ன செய்கிறது தெரியுமா? ரெயில் பிரஷர் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்கிறது. ஈசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது, சிலிண்டருக்குள் டீசல் கூடுதலாகப் போகிறது. அதற்கு ஏற்ற காற்று இருக்கிறதா, எஞ்சின் சூடு தாங்குமா என்று எதுவும் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. காரமடைப் பக்கம் ஒரு தம்பி, கறிவேப்பிலை லோடு அடிக்கிறவர், இப்படி ஒரு பெட்டியை வாங்கி மாட்டினார். சமதரையில் வண்டி பறந்தது. மலைக்கு லோடு ஏற்றிப் போனபோது பாதி மேட்டில் நின்றுவிட்டது. என்னிடம் இழுத்து வந்தார்கள். ஹெட்டை இறக்கிப் பார்த்தால் ஒரு பிஸ்டனின் விளிம்பு மெழுகாக உருகிக் கிடந்தது. ஃபைனான்ஸ் தவணை பாக்கி இருக்கும்போதே எஞ்சின் வேலைக்குக் கடன் வாங்கினார். விற்றவர் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் கெட்ட பெயர் யாருக்கு? "டியூனிங் பண்ணினான், எஞ்சின் போச்சு" என்று ஊரே எங்களைச் சொன்னது.

புகைச் சான்று விஷயமும் இப்படித்தான். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்து, சைலன்சரில் குழாயை விட்டுப் பார்க்கிறார்கள். லோடோடு மேட்டில் என்ன புகை வருகிறது என்பது அதில் தெரியாது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. குழாயையே விடாமல் சான்று அச்சடித்துக் கொடுத்த இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் எழுத உங்கள் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவைப் பற்றி எழுதியவர் முழுதாக எழுதியிருக்கலாம். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்கியிருக்கிறார்கள் என்று அந்நாட்டு சுற்றுச்சூழல் முகமை 2020 நவம்பரில் சொன்ன கணக்கை அவர் கொடுத்திருந்தார். சரி. அதே அமெரிக்காவில் கம்மின்ஸ் கம்பெனி, 6,30,000 ராம் பிக்கப் எஞ்சின்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்ததாக அரசு சாட்டிய குற்றத்துக்காக 167.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்ததே, அது ஏன் விட்டுப்போனது? கம்மின்ஸ் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மென்பொருள் கம்பெனியிலிருந்தே வந்ததாகத்தான் வழக்கு. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியதும் கம்பெனி மென்பொருளில்தான். மெக்கானிக் மட்டும்தானா கண்ணுக்குப் பட்டான்?

டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டியை வெட்டி எறிகிறவனையும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் ஆட் ப்ளூ திரவத்தை ஊற்றாமல் ஓட வழி செய்து கொடுக்கிறவனையும், இணையத்தில் திருட்டு மேப் ஃபைல் வாங்கி ஏற்றுகிறவனையும் நான் ஆதரிக்கவில்லை. பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த வண்டியில் அந்த வேலை கேட்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறேன். அதனால் நஷ்டம் எனக்குத்தான்.

சட்டமும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், பதிவுச் சான்றிதழில் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கின்றன. நல்லது. ஆனால் நியாயமாக வேலை செய்கிறவன் தன் மேப்பைக் கொண்டுபோய்ச் சோதித்துக் காட்டி அனுமதி வாங்க ஒரு வழி வேண்டாமா? கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு வழி இருக்கிறது. டியூனர் தன் மேப்பைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், புகை கூடவில்லை என்று நிரூபித்தால் அரசாணை எண் கிடைக்கும். ஜெர்மனியில் சோதித்து வண்டியின் பதிவிலேயே ஏற்றிக்கொள்ளலாம். இங்கே யாரிடம் போய்க் கேட்பது? கேட்கப் போனால், "அதெல்லாம் செய்யக்கூடாதுங்க" என்கிற ஒரே பதிலோடு திரும்பி வருகிறோம். வேலை தெரிந்தவனையும் பெட்டி விற்கிறவனையும் பிரித்துப் பார்க்க இந்த நாட்டில் ஒரு காகிதம்கூடக் கிடையாது. உங்கள் கட்டுரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். அடுத்த இதழில், அந்த வரி ஒழுங்காக வேலை செய்யும் டீசல் மெக்கானிக்குகளைக் குறிப்பதல்ல என்று இரண்டு வரி போடுங்கள். அந்தப் பெட்டி விளம்பரத்தை, அது என்ன செய்கிறது என்று விளம்பரதாரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கும் வரை நிறுத்தி வையுங்கள். பதில் கொடுத்தால் அதையும் வெளியிடுங்கள், நாங்களும் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் மெக்கானிக்,
மேட்டுப்பாளையம்.