செலவு முடிந்த பிறகு வரும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டப்பேரவை மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வருகிறது, மனு கொடுக்கலாம் என்று நாளிதழில் வந்த சின்னச் செய்தியைப் பார்த்துத்தான் சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்த் தரைப்பாலத்துக்காக எழுதிப் போட்டோம். தமிழில் ஐந்து நகல், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை என்று சொந்தக் கோரிக்கை எதுவும் கூடாது, இப்படி எல்லா விதியையும் பார்த்துப் பார்த்து எழுதினோம்.

குழு வந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கலந்த எம்.எல்.ஏ.க்கள் பாலத்தின் மேலேயே நின்றார்கள். கட்டி மூன்று மழைக்காலம்தான் ஆகியிருந்தது, ஒவ்வொரு மழைக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் போகும், பள்ளிப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். "ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் பார்த்தீர்களா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டதும், வந்திருந்த பொறியாளர் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார், புரட்டிக்கொண்டே இருந்தார். சரியான கேள்வி. ஆனால் பணம் ஒதுக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நம் பேரவைக் குழுக்களின் வேலை பெரும்பாலும் இப்படிப் பின்னால் வருவதுதான். பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு பழைய செலவைக் கேட்கும், உறுதிமொழிக் குழு அமைச்சர் அவையில் சொன்னது நடந்ததா என்று பார்க்கும். தேவையான வேலை, குறை சொல்லவில்லை. முன்கூட்டிப் பார்க்கத்தான் இடமில்லை. மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பது, என்றால் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகள் முடிந்துவிடுகின்றன, மசோதாக்கள் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் வரிசையாக நிறைவேறுகின்றன.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1980 முதலே அங்கே துறைவாரியான குழுக்கள் இருக்கின்றன, இப்போது 14. மசோதா அறிமுகமானதும் அந்தத் துறைக் குழுவுக்குப் போகும், மானியக் கோரிக்கையும் போகும், அப்புறம்தான் அவையில் ஓட்டு. நாடாளுமன்றம் இந்த முறையை முழுதாக எடுத்துக்கொண்டது 1993-ல்தான், அப்போது 17 குழுக்கள், 2004-ல் 24 ஆனது. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து துறைச் செயலாளரை நேரில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேமரா இல்லாததால் அங்கே கட்சிக்காகக் கத்த வேண்டிய அவசியமும் குறைவு.

கேரளத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று, துறை அமைச்சரே குழுவுக்குத் தலைவர். தன் துறையைத் தானே எப்படிக் குடைவார்? டெல்லியில், நாடாளுமன்றக் குழுவில் அமைச்சர் உறுப்பினராகக்கூட இருக்க முடியாது, அதுதான் சரி. ஆனால் டெல்லியில் வேறு பள்ளம். 15-வது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17-வதில் 16-தான். 2020-ல் வேளாண் சட்டங்களைக் குழுவுக்கு அனுப்பாமல் நிறைவேற்றி, விவசாயிகள் ஒரு வருடம் சாலையில் உட்கார்ந்த பிறகு 2021-ல் திரும்பப் பெற்றார்கள். அந்த விவசாயிகளைக் குழு முன்னால் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே.

ஒரு ஓடைப் பாலத்தின் உயரத்தைச் சென்னையில் உட்கார்ந்து எந்தக் குழுவும் அளக்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் தரைப்பாலங்களுக்கு எந்த வெள்ளக் கணக்கை வைத்துப் பணம் கேட்கிறீர்கள் என்று செயலாளரை உட்கார வைத்துக் கேட்க நம் பேரவையிலும் ஒரு துறைக் குழு வேண்டும். மசோதா தானாகவே குழுவுக்குப் போகும் கேரள வழக்கமும், அமைச்சர் உள்ளே வராத டெல்லி விதியும் சேர்ந்தால் போதும், பேரவை விதிகளைத் திருத்தினாலே நடக்கும். இதைச் செய்வீர்களா மாட்டீர்களா என்று ஒவ்வொரு கட்சித் தலைவரிடமும் உங்கள் செய்தியாளர்கள் கேட்டு, பதிலை அப்படியே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்