கயலுக்கு: வாங்கி வைத்த போனைப் பற்றி

கோவில்பட்டி

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "வாங்கினது தப்பா, திருப்பிக் கொடுத்தது தப்பா, எதுக்கு அழுதாளாம்?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாகப் பிடிபடவில்லை. தில்லியில் உன் வகுப்பில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் மேசைக்கு அடியில் போனில் ரீல்ஸ் பார்த்தான். நீ போனை வாங்கி ஸ்டாஃப் ரூமில் உன் டிராயரில் போட்டாய். மறுநாள் அவன் அப்பா வந்து கத்தினார், பிரின்சிபல் உன்னையே கூப்பிட்டு அவர் முன்னால் திருப்பிக் கொடுக்க வைத்தார். "இனிமேல் எவன் எதைப் பார்த்தாலும் நான் போர்டு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்" என்றாய். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

வாங்கியது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் பெஞ்ச் பிள்ளைகள் போன் இருந்தாலும் படிப்பார்கள், இல்லாவிட்டாலும் படிப்பார்கள். பாடம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான், அது கையில் இருந்தால் புரிந்த பாதியும் போய்விடும். இங்கிலாந்தில் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை எடுத்துக்கொண்டு இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2015இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். போனைத் தடை செய்த பிறகு மதிப்பெண் கூடியிருக்கிறது. அதிகம் கூடியது பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு. நன்றாகப் படிக்கிறவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. ஸ்வீடனில் அதே மாதிரி பார்த்தவர்கள் எங்களுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ரீல்ஸ் ஓடும்போது ஓம் விதி ஏறாது என்று சொல்ல எனக்கு ஆராய்ச்சி வேண்டாம், அந்தப் பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று ஓய்வு பெற்றவள் நான்.

ஆனால் நாங்கள் வாங்கி வைத்த சாமான்களும் நீ வாங்குகிற சாமானும் ஒன்றல்ல. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பில் பறிமுதல் என்றால் கால்குலேட்டர் வாட்ச். அப்புறம் கட்டம் கட்டமாக விழுமே, அந்த பிரிக் கேம். கிரிக்கெட் நடக்கிற நாளில் பாக்கெட் ரேடியோ. அதை வாங்கி ஸ்டாஃப் ரூமில் வைத்தால் எங்கள் பி.டி. சார் காதில் வைத்துக்கொள்வார், சாயங்காலம் பையனுக்குத் திருப்பித் தரும்போது பேட்டரி தீர்ந்திருக்கும். பிறகு டார்ச் வைத்த நோக்கியா 1100. அதன்பின் தெருவையே கூட்டுகிற சைனா செட். 2011இலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசே மடிக்கணினி கொடுத்தது. பென் டிரைவ் வழியாகப் படம் ஏறாத மடிக்கணினி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதெல்லாம் பிள்ளையின் பொருள். நாம் வாங்கி வைத்தால் பிள்ளைக்கு மட்டும்தான் கஷ்டம். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் அங்கேயும் இரண்டு விழும் என்று அவனே பயந்து மறைப்பான்.

கொரோனாவோடு அந்தக் கதை முடிந்தது. போன் வாங்கச் சொன்னதே நாம்தான். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம், வீட்டுப்பாடத்தை அதில் போட்டோம், கல்வித் தொலைக்காட்சி தெரியாத வீட்டுப் பிள்ளையை யூடியூபில் பார்க்கச் சொன்னோம். தீப்பெட்டி ஆபீசில் அட்வான்ஸ் கேட்டும் கம்மலை அடகு வைத்தும் வாங்கின செட்டுகள் அவை. 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளி திறந்ததும், போன் இல்லையா என்று விரட்டிய அதே ஆசிரியர்கள் கேட்டில் நின்று பையைத் துழாவினோம். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது இது, உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. ஒரு சார் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பையனின் போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டு, திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அப்பா திருப்பூரில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து, கேட் பூட்டியிருக்கவும் நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். மகளிர் உரிமைத் தொகை ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும், மளிகைக் கடைக்கு அதிலிருந்துதான் அனுப்ப வேண்டும், வீட்டுக்காரர் கூப்பிட்டால் எடுக்க அந்த ஒரு செட்தான். சாவி சாரிடம், சார் அருப்புக்கோட்டையில். அவள் சத்தம் போடவில்லை. "அது அவன் போன் இல்ல டீச்சர், எங்க போன். அவன் தூக்கிட்டு வந்துட்டான்" என்றாள். காப்பி கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டாள். அந்த சாரை நான் குறை சொல்லவில்லை, ரேடியோ காலத்துத் தண்டனையை அவர் போனுக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

தில்லியில் உன் வகுப்புப் பையன் வீட்டில் ஆளுக்கு ஒரு போன் இருக்கும், தெரியும். ஐபோன் என்றாய். அப்படியென்றால் உன் பிரச்சினை வேறு. பூட்டாத டிராயரில் அவ்வளவு விலையுள்ள பொருளைப் போட்டுவிட்டு நீ அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறாய். எனக்குப் பிடிக்காதது இந்த ஒன்றுதான். கண்ணாடியில் ஏற்கெனவே இருந்த கீறல்கூட உன் கணக்கில் ஏறும்.

நான் கடைசி வருடங்களில் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், உனக்கு ஒத்து வந்தால் எடுத்துக்கொள். பாடத்தை நிறுத்த மாட்டேன். பேசிக்கொண்டே அந்தப் பெஞ்சுக்குப் போய்க் கையை மட்டும் நீட்டுவேன். வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சொற்பொழிவு ஆற்றினால் அவன் போனுக்காக அல்ல, மானத்துக்காகச் சண்டை போடுவான். பதினைந்து வயதுப் பையன் நாற்பது பேர் முன்னால் தோற்க மாட்டான், நீயும் தோற்க முடியாது, அப்புறம் அது எங்கே போய் நிற்கும்? கொடுப்பதற்கு முன் அவனே அணைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆபீசில் இருக்கிற பழுப்புக் கவர் ஒன்றில் போட்டு, பெயர், வகுப்பு, நேரம், கீறல் இருந்தால் அது, எல்லாம் எழுதி அவனையே கையெழுத்துப் போடச் சொல்வேன். கவர் தலைமையாசிரியர் பீரோவுக்குப் போகும், என் பைக்குள் வராது. கடைசி மணி அடித்ததும் அவனே வந்து வாங்கிக்கொள்வான். முதல் தடவை அவ்வளவுதான். அடுத்த தடவை வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும், ஆனால் அன்றைக்கே, அவர்கள் வேலை முடித்து வருகிற நேரத்துக்கு. ராத்திரி எந்தப் போனும் பள்ளியில் தங்கக் கூடாது. உன் பையன் விஷயத்தில் அது தங்கிவிட்டது, அந்த அப்பாவின் கத்தலில் பாதிக்குக் காரணம் அதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி அவருடைய குணம்.

பக்கத்து மேசை மேடம், "லாக்கைத் திறக்கச் சொல்லு, என்னதான் வைத்திருக்கிறான் பார்ப்போம்" என்றதையும் நீ மறுத்ததையும் போகிற போக்கில் சொன்னாய். நேற்று நீ சொன்னதில் எனக்கு நிறைவாக இருந்தது அதுதான். வாங்கி வைப்பது வேறு, திறந்து பார்ப்பது வேறு. 2017இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்த உரிமை பதினெட்டாவது பிறந்த நாளில்தான் வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை. சட்டத்தை விடு, அதற்குள் அவன் அக்காவின் போட்டோ இருக்கும், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட் இருக்கும், வேறு ஒரு பிள்ளை அவனை நம்பி எழுதியது இருக்கும். நமக்கு எதற்கு அது?

ஒருவேளை நாளைக்கு உன்னையோ ஒரு மாணவியையோ எவனாவது வீடியோ எடுத்ததாகத் தெரிந்தால், அது ரீல்ஸ் பார்த்த கேஸ் கிடையாது. அப்போது போனை அணைத்துக் கவரில் போட்டு நேராகப் பிரின்சிபலிடம் போ. ஆத்திரத்தில் நீயே அழித்துவிடாதே. பிறகு நடந்தது என்ன என்று காட்ட ஒன்றும் இருக்காது. பெற்றோரை வரவழைத்து அவர்கள் முன்னால்தான் மற்றதெல்லாம்.

உடைக்கிற ஆசிரியர்களையும் நீ வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பாய். 2019இல் கர்நாடகத்தில் சிர்சி பக்கம் ஒரு கல்லூரி முதல்வர் வாங்கிய போன்களை மாணவர்கள் முன்னால் சுத்தியலால் அடித்து உடைத்தார். எங்கள் ஓய்வுபெற்றோர் குரூப்பில் அதற்கு எத்தனை கைதட்டல் தெரியுமா! எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வீட்டின் மாதத் தவணை அது. பிரம்பு எடுக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதும் சிலருக்குச் சுத்தியல் அகப்பட்டுவிட்டது.

பிரான்ஸ்காரர்கள் இதை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே ஆரம்பப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் போன் பயன்படுத்தத் தடை என்று 2018இல் சட்டம் போட்டார்கள். மீறினால் ஆசிரியர் வாங்கி வைக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. கூடவே, எப்படி வாங்குவது, எப்படித் திருப்பித் தருவது என்று இரண்டையும் ஒவ்வொரு பள்ளியும் தன் விதிமுறையில் எழுத வேண்டும் என்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் வாங்குவதற்கு வாய்மொழியாக ஒரு விதி இருக்கும், திருப்பித் தருவதற்கு எதுவும் இருக்காது. அதனால்தான் அது ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்துப் போகிறது, யார் வீட்டு அப்பா பெரிய ஆள் என்பதையும் பொறுத்துப் போகிறது.

உனக்குத் தில்லியில் ஒரு வசதி உண்டு. 2025 பிப்ரவரி கடைசியில் தில்லி உயர் நீதிமன்றம், ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவர் தொடர்பான வழக்கில், பள்ளிக்குப் போன் கொண்டு வருவதையே அடியோடு தடுப்பது விரும்பத்தக்கதும் இல்லை, நடக்கவும் செய்யாது என்று சொன்னது. நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி சில வழிகாட்டுதல்களையும் கொடுத்தார். முடிந்த இடத்தில் காலையில் வாங்கிப் பத்திரமாக வைக்கலாம், வகுப்பில் பயன்படுத்தக் கூடாது, பெற்றோரையும் ஆசிரியர்களையும் கலந்து விதி எழுத வேண்டும். மீறினால் என்ன தண்டனை என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஒரே மாதிரி இருக்க வேண்டும், ரொம்பக் கடுமையாக இருக்கக் கூடாது. கொஞ்ச காலத்துக்குப் போனை வாங்கி வைப்பதையும் அப்படி ஒரு தண்டனையாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். எவ்வளவு காலம் என்பதைப் பள்ளிகளிடம் விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் சாயங்காலம் வரைக்கும். நகல் சிபிஎஸ்இக்கும் போனது, உன் பிரின்சிபல் பார்த்திருக்க வேண்டும். அவரிடம் கோபமாகப் போகாதே. "மேம், நம் பள்ளி விதியை எழுத்தில் வைத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடலாமா, அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்கு நானே தயார் செய்கிறேன்" என்று போ. வேலையை நீ செய்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்கிற பிரின்சிபலை நான் இதுவரை சந்தித்ததில்லை. எழுத்தில் ஒன்று இருந்தால் அடுத்த அப்பா வந்து கத்தும்போது அவர் உன்னைக் கூப்பிட மாட்டார், தாளை எடுத்துக் காட்டுவார்.

அந்தப் பையனிடம் இதைப் பற்றி இனிப் பேசாதே. அப்பா வந்து ஜெயித்துக் கொடுத்த போனோடு வகுப்பில் உட்கார்வது அவனுக்கே ஒரு மாதிரி இருக்கும். கேள்வி கேட்கும்போது மட்டும் அவனை விட்டுவிடாதே. தெரியாமல் முழித்தால் பக்கத்துப் பையனிடம் போய்விட்டுத் திரும்ப அவனிடம் வா.

இன்னொன்று, இதை நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் தில்லிக் கல்வித் துறை விட்ட அறிவுரையில் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. வகுப்பிலும் ஆய்வகத்திலும் நூலகத்திலும் ஆசிரியர்களும் போனைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து நடுப் பாடத்தில் வாட்ஸ்அப்பில் "உடனே விவரம் அனுப்பவும்" என்று வந்தால் நீ என்ன செய்வாய், எனக்கும் வந்ததுதானே. ஆனாலும் மேசையில் கவிழ்த்து வைக்காதே, வகுப்புக்குக் கொண்டே போகாதே. இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். நானும் மத்தியானம் உனக்கு மெசேஜ் போடுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல். கடலை மிட்டாய் இரண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன், ஸ்டாஃப் ரூமுக்கும் கொஞ்சம் எடுத்துப் போ. அந்தப் பக்கத்து மேசை மேடத்துக்கும் கொடு.

அன்புடன்,
அம்மா