மாமாவின் பணம்

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்காலுக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"நம்ம வியாசர்பாடியிலேயே ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகள் எத்தனையோ இருக்க, மாமாவின் 2 லட்சம் எதற்கம்மா பர்மாவுக்கு?" என்றாய். நியாயமான கேள்விதான். இங்குள்ள பிள்ளைகளுக்கு என் பென்ஷனிலிருந்து செய்வதை நான் நிறுத்தப் போவதில்லை. ஆனால் இது மாமா போஸ்ட் ஆபீசில் சிறுகச் சிறுகப் போட்ட பணம். அது எங்கே போகவேண்டும் என்று அவர் வாய்திறந்து சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான்.

நாங்கள் ரங்கூனை விட்டு வந்தது உனக்குக் கதையாகத் தெரியும். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அந்த ஜூலையில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள், மறுநாள் விடியற்காலை மாணவர் சங்கக் கட்டிடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தாத்தா கடையின் சாவியும் போனது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் ஏறும்போது பாட்டியின் வளையலையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயசு. ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கும் பர்மிய எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் எழுத்துதான் தடுமாறும். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். சரி, நான் சின்னவள். இரண்டு மூன்று வருஷம் போனாலும் எட்டிப் பிடித்துவிட்டேன், டீச்சராகவும் ஆனேன். மாமாவுக்குப் பதினேழு. மெட்ரிக் பாஸ் செய்து பல்கலைக்கழகம் போகக் காத்திருந்தவர். இங்கே ஒரு கல்லூரியில், இந்தச் சான்றிதழுக்குச் சமம் எது என்று ரங்கூனிலிருந்து எழுதி வாங்கி வா என்றார்கள். மாமா மூன்று கடிதம் போட்டார். பதிலே இல்லை. வீட்டில் ஆறு வயிறு. பர்மா பஜார் வந்ததும் டார்ச் லைட்டும் குடையும் விற்கப் போனவர்தான், அதன்பிறகு புத்தகப் பக்கம் போகவே இல்லை.

அந்த பிஸ்கட் டப்பா உனக்கு நினைவிருக்கும். போகியன்று பழையதையெல்லாம் எரிக்கும்போது, யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாரே. நீ என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லடா" என்பார். உள்ளே இருந்தது அந்த மெட்ரிக் சான்றிதழ்தான். பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை வேறு. வருஷா வருஷம் மாற்றுவார்.

2024 மழைக்காலத்தில், மாமா நடமாடிக்கொண்டிருந்தபோது, அத்தோ, அந்தப் பர்மிய நூடுல்ஸ், சாப்பிடவேண்டும் என்றார். அத்தோ கடைகள் இருக்கிற செகண்ட் லைன் பீச் தெருவுக்குக் கூட்டிப் போனேன். பக்கத்தில் ஒரு பெண், இருபது வயசுதான் இருக்கும், போனில் பர்மியத்தில் பேசிக்கொண்டிருந்தாள். மாமா அறுபது வருஷத் துருவை உதறி அவளிடம் பர்மியத்தில் ஏதோ கேட்டார். அவள் வாய் பிளந்துவிட்டாள். மாண்டலேக்காரி. அவள் அம்மா டீச்சராம். 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் வேலைக்குப் போகமாட்டேன் என்று நின்ற ஆயிரக்கணக்கான ஆசிரியர்களில் அவரும் ஒருவர். வேலை போய்விட்டது. 2024இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. ஆண்களுக்கு 35 வயசு வரை, பெண்களுக்கு 27 வரை. இனி ஊருக்கே போகமுடியாது என்றாள். இங்கே ஒரு அறக்கட்டளை உதவித்தொகையில் படிக்கிறாளாம்.

மாமா அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உன் பழைய மார்க்‌ஷீட்டை இங்கே ஒத்துக்கொண்டார்களா?" ஒத்துக்கொண்டார்கள் என்றாள். அப்புறம் நானும் அவளும் "க ஜீ, க க்வே" என்று எழுத்து வரிசையை ஒன்றாகச் சொன்னோம். மாமா அதில் சேரவில்லை, முட்டை மசாலாவை அப்படியே வைத்துவிட்டார். ஆட்டோவில் வரும்போது, "அந்தப் பொண்ணுக்கு யாரோ கட்டியிருக்காங்க பாரு" என்றார். வீடு வரும்வரை அதையே இரண்டு மூன்று தரம் சொன்னார்.

அவள் சொன்ன அறக்கட்டளைப் பெயர்களில் ஒன்று, உன் ஊரிலேயே லண்டனில் இருக்கிற பிராஸ்பெக்ட் பர்மா. 1989இல் தொடங்கியது. 1988இல் ராணுவ ஆட்சியை எதிர்த்து மக்கள் எழுந்த பிறகு அங்கே பல்கலைக்கழகங்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். 1996 டிசம்பரில் மூடியவற்றில் பல 2000 வரை திறக்கவே இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை, அதற்கு முன் ஆங்கிலப் பயிற்சி, இதுதான் அவர்கள் வேலை. படித்ததைத் தன் மக்களுக்குப் பயன்படுத்துகிற பிள்ளையா என்றும் பார்க்கிறார்கள். பர்மாவின் ஜனநாயகத் தலைவி ஆங் சான் சூச்சி தன் நோபல் பணத்தைப் பர்மிய மக்களின் படிப்புக்கும் உடல்நலத்துக்கும் ஒதுக்கியது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ராணுவம் ரோஹிங்யா முஸ்லிம்களை விரட்டிய விஷயத்தில் 2019இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் அவர் ராணுவத்துக்காகப் பேசியதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் அதற்காக அந்தப் பிள்ளைகளின் படிப்பு என்ன பாவம் செய்தது?

2025 தொடக்கத்தில் அமெரிக்கா, பர்மா மாணவர்களுக்கான நாலரைக் கோடி டாலர் உதவித்தொகைத் திட்டத்தை ஒரே அடியாக நிறுத்தியதைப் படித்திருப்பாய். தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகள். ஊர் திரும்பினால் ராணுவம் பிடிக்கும், அங்கேயே இருந்தால் ஃபீஸ் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் மாமா காலமாகியிருந்தார்.

இங்குள்ள பிள்ளைக்கு ஃபீஸ் கட்டமுடியாவிட்டால் நான் ஹெட்மாஸ்டரைப் பார்ப்பேன், கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பேன். மாமாவுக்கு நிற்க ஒரு வாசல் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் இல்லை. இதைத்தான் போனில் சொல்ல வந்தேன்.

இங்கிருந்து அனுப்பினால் பாங்கில் ஆயிரம் காகிதம் கேட்பார்கள். நீ அங்கே கட்டிவிடு, நான் உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். முதலில் ஒரு தரம் நேரில் போய் அவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வா. கொடுப்பவர் பெயர் கேட்டால் மாமா பெயரைச் சொல். சான்றிதழை போட்டோ எடுத்து உன் வாட்ஸப்புக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அதே எழுத்தில் போடச் சொல்.

குளிருக்கு மப்ளர் கட்டிக்கொள்.

அன்புடன்,
அம்மா