சிங்கப்பூர்ப் பேச்சுக்குப் பயப்படாதே

தேவிபட்டினம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகன் டிக்கெட் எடுத்துவிட்டான், அடுத்த மாதம் சிங்கப்பூர் பயணம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். "அங்கே பேசுகிற இங்கிலீஷ் ஒன்றும் பிடிபடாதாமே" என்று கலங்கியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டுத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். தை மாதம் மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்தவன் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய இங்கிலீஷைவிட அது நமக்கு லேசு.

சொல்தான் பெரும்பாலும் இங்கிலீஷ். கோர்க்கிற விதம் மலாயும் சீனமும். அதனாலேயே நம் காதுக்குப் பழகியது போல இருக்கிறது. ‘ஈட் ஆல்ரெடி?’ என்றால் சாப்பிட்டாச்சா. ‘காட் ரைஸ்?’ என்றால் சோறு இருக்கா. ‘வேர் காட்!’ என்று இழுத்தால், அதெல்லாம் எங்கே இருக்கு, சும்மா சொல்லாதே என்று அர்த்தம். ‘லாஸ்ட் டைம்’ வந்தால் மட்டும் கவனம். டாக்ஸிக்கார சீனப் பெரியவர் ‘லாஸ்ட் டைம் ஹியர் கம்போங்’ என்று அடுக்குமாடி வீடுகளைக் காட்டுவார். போன தடவை என்று நினைத்துவிடாதே, அந்தக் காலத்தில் இங்கே கிராமம் இருந்தது என்கிறார்.

‘கேன்’ என்ற ஒன்றை வைத்தே பாதி நாளை ஓட்டிவிடலாம். ‘கேன் ஆ?’ என்றால் கேள்வி. ‘கேன் லா’ என்றால் தாராளமாக. ‘கேன் லோ’ என்றால் சரி, ஆகட்டும், வேறென்ன செய்ய. ‘கேன் மே?’ என்றால் இது நடக்கிற காரியமா என்ற சந்தேகம். வாலைக் கவனித்தால் போதும். நாமும் வாடா, வாப்பா, வாயேன் என்று ஆளுக்குத் தகுந்தபடி வால் ஒட்டுகிறவர்கள்தானே.

காலையில் கோப்பிக் கடைக்குப் போ. ‘கோப்பி’ என்று மட்டும் சொன்னால் டின்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். ‘கோப்பி ஓ’ பால் இல்லாதது, ஆனால் சீனி உண்டு. உனக்குச் சர்க்கரை இருப்பதால் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று சொல். கோசோங் என்றால் மலாயில் வெறுமை, சீனி விழாது. ‘பெங்’ சேர்த்தால் ஐஸ். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அங்கே உட்காராதே. யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘சோப்’, துவைக்கிற சோப்பு இல்லை.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விளங்காமல் முழிக்கிறவனை ‘பிளர் லைக் சோத்தோங்’ என்கிறார்கள். சோத்தோங் என்றால் நம் கணவாய். ஆபத்து வந்தால் மையைக் கக்கிவிட்டு நழுவுகிற கெட்டிக்காரனை இப்படிச் சொல்லலாமா? மண்டபம் மீனவர்களிடம் போய்ச் சொல்லிப் பார், அடிக்க வருவார்கள்.

இந்தப் பேச்சு அவர்கள் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. 2000இல் நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கினார்கள். ஆனால் 2016இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதி ‘ஷியோக்’ போன்ற அவர்கள் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. பிரமாதம், ருசி என்று வாயூறச் சொல்கிற சொல் அது. அரசாங்கத்தின் கவலை எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை. மகள் போனில் ஆபீஸ்காரர்களிடம் அச்சடித்த மாதிரி இங்கிலீஷ் பேசுவாள். போனை வைத்ததும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் ‘அலாமாக், சோ லேட் ஆல்ரெடி’ என்பாள், ஐயோ, இவ்வளவு நேரமாகிவிட்டதே என்று. எங்கே எதைப் பேசுவது என்று சனங்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

ரயிலில் அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இருக்கும், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. மலாயிலும் நம் சரக்கு உண்டு. கப்பல் அங்கே ‘காப்பால்’, கடை ‘கெடாய்’. நேரம் கிடைத்தால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவைப் பார்த்துவிட்டு வா. 1830 வாக்கில் நம் கரையிலிருந்து போன மரைக்காயர்மார் போன்றவர்கள் எழுப்பியது.

இங்கே எல்லோரும் சுகம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன, இறால் விலைதான் படுத்துக் கிடக்கிறது. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபிறகு ராமேசுவரத்துக்கு மறுபடி ரயில் ஓடுகிறது, போகுமுன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வந்துவிட்டுப் போ.

அப்புறம், திரும்பும்போது அங்கே லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் அம்மாவுக்குக் கோடாரித் தைலம் அரை டஜன் வாங்கி வா. நான் கொண்டுவந்ததைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள்.

உன் பழைய கூட்டாளி