கடலூர் மாவட்ட வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கடலூர் சிப்காட் பகுதியில் ஓர் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். படிப்பு முடித்து வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன்: 28 கிராம் நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவாக மாற எவ்வளவு ஹைட்ரஜன் வேண்டும்? சமன்பாட்டைத் தப்பில்லாமல் சமன் செய்து, ஒன்றுக்கு மூன்று என்று எழுதிவிடுவார்கள். அடுத்த வரியிலேயே 28-ஐ மூன்றால் பெருக்கி 84 கிராம் என்பார்கள். விடை வெறும் 6 கிராம். அந்த ஒன்றும் மூன்றும் மோல் கணக்கு, அதாவது எத்தனை மூலக்கூறுகள் என்ற எண்ணிக்கைக் கணக்கு, எடைக் கணக்கு அல்ல என்பது மனதில் பதியவே இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்தான். எடையைக் கையால் தொட்டுப் பார்க்காமலே கணக்கைப் போட்டுப் பழகிவிட்டார்கள்.

பிளஸ் ஒன்னில் வேதிக் கணக்கீடுகளைத் தொடங்கும்போது ஆப்பசோடாவை நிறுக்க வையுங்கள். 8.4 கிராம் எடுத்தால் அது 0.1 மோல். சூடுபடுத்தினால் இரண்டு மோலுக்கு ஒரு மோல் சோடியம் கார்பனேட் கிடைக்கும். ஆக 0.05 மோல், அதாவது 5.3 கிராம். இந்த எண்ணை அடுப்புப் பற்றவைக்கும் முன்பே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். மீதி 3.1 கிராமில் 0.9 நீராவி, 2.2 கார்பன் டை ஆக்சைடு. ஆறவைத்து நிறுக்கும்போது தராசு 5.7 காட்டினால் விட்டுவிடாதீர்கள். சிதையாத சோடா இன்னும் உள்ளே இருக்கலாம். எடை மேலும் குறையாத வரை மறுபடி சூடாக்கட்டும். தான் எழுதிய எண்ணை நோக்கித் தராசு இறங்கிவருவதைப் பார்த்த பிள்ளைக்கு மோல் மறக்காது.

அப்புறம் கிளிஞ்சல். நம் கடற்கரையில் கிடக்கிறது, பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுத்தமான கார்பனேட் 50 கிராமோடு 29.2 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு உள்ள அமிலத்தைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கார்பனேட்டை மட்டும் பார்ப்பவர் 22 கிராம் வாயு வரும் என்பார். வருவது 17.6 தான். அமிலம் முதலில் தீர்ந்துபோகும், 10 கிராம் கார்பனேட் அப்படியே மிஞ்சும்.

இந்த மிச்சத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆலையில் ஒரு பேட்சுக்குத் தேவைக்கு மேல் போட்ட சரக்கு எங்கும் மறைந்துபோகாது. பிரித்தெடுத்து மீட்கவில்லை என்றால் கழிவுநீரோடு போகும். பக்கத்தில் உப்பனாறு ஓடுகிறது, அதில் வலை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்த ஆள் பேட்ச் ஷீட்டைப் பார்த்ததுமே, ‘இது அதிகம்’ என்று சொல்லிவிடுவார்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பது தெரியும். சேர்ந்தாற்போல் இரண்டு பீரியடு கிடைத்தால் போதும். நல்ல தராசு இல்லாத பள்ளி என்றால் சொல்லுங்கள், விடுப்பு போட்டு நானே எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து ஓர் ஆலை வேதியியலாளர்