பிளஸ் டூ பெற்றோர் கவனத்துக்கு: சனிக்கிழமை ஆலோசகர் சந்திப்பு

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி நூலகத்தில் மாணவர் ஆலோசகர் பெற்றோரைத் தனித்தனியாகச் சந்திக்கிறார். ஒரு குடும்பத்துக்கு 15 நிமிடம். "என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே, நான் எதற்கு?" என்று போன தடவை பலர் வரவில்லை. ராத்திரி 2 மணி வரை ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை, நீட்டா கலைக் கல்லூரியா என்று வீட்டில் தினமும் நடக்கிற சண்டை, எல்லாவற்றையும் அங்கே பேசலாம்.

1. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பிள்ளை பெயர், பிரிவு மட்டும் இங்கே போடுங்கள்.
2. என்ன பிரச்சினை என்று குழுவில் எழுத வேண்டாம், ப்ளீஸ். அதை ஆலோசகரிடம் நேரில் சொல்லுங்கள்.
3. பிள்ளையையும் அழைத்து வாருங்கள். முதலில் அவர்களிடம் தனியாகப் பேசுவார். என்ன பேசினாய் என்று வீட்டுக்கு வந்து குடையாதீர்கள்.
4. காலாண்டு மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வாருங்கள்.

சனிக்கிழமை வரை பொறுக்க முடியாது என்றால் 14417க்கு (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) அல்லது 14416க்கு (டெலி மானஸ், 24 மணி நேர மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம்) அழையுங்கள். இரண்டும் இலவசம்.

அப்புறம், வேலைக்குப் போகிறவர்கள் 12 மணிக்கு மேல் வேண்டும் என்றால் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்.