ஐரிஸ் மேல ஏன் வே கோவம்?

பாளையங்கோட்டை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உம்ம கடுதாசி வந்து மூணு வாரமாச்சு. பதில் போடாம இருந்தது தப்புதான். இங்க எல்லாரும் சுகம். அத்தை இன்னும் அந்தக் குடையைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கா.

நிற்க. 'தி ஃப்ளாஷ்' சீரியல்ல நாயகன் பேரிக்கு ஜோடியா வாற ஐரிஸை ரெண்டு பக்கம் திட்டியிருக்கீரு. கோவம் சரி, ஆளுதான் தப்பு. திட்ட வேண்டியது எழுதினவங்களை. 2014ல வந்த முதல் சீசனை நினைச்சுப் பாரும். முகமூடி போட்டு மின்னலா ஓடுத ஃப்ளாஷ், பேரிதான்னு அவ அப்பா ஜோவுக்கு முதல் எபிசோட்லயே தெரியும். அவனுக்கு உதவுத ஆய்வகத்துல மூணு பேருக்குத் தெரியும். அவ காதலன் எடிக்கும் பிறகு தெரிஞ்சு போகுது. ஃப்ளாஷைப் பத்தியே எழுதித் திரியுத அவளுக்கு மட்டும், 23 எபிசோட்ல இருபதைத் தொட்ட பிறகுதான் பொறி தட்டுது! அதுவரைக்கும் அவளுக்கு ஒரு காட்சி வைக்கணும்னா, ஒண்ணு அவ கேள்வி கேக்கணும், இல்ல எவனாவது பொய் சொல்லணும். ஒருத்தி உள்ள வந்ததும் எல்லாரும் பேச்சை நிப்பாட்டினா, பாக்குதவனுக்கு அவமேலதான் வே எரிச்சல் வரும்.

'ஆரோ' சீரியல்ல வாற ஃபெலிசிட்டியைப் பாரும். மூணாவது எபிசோட்ல கம்ப்யூட்டர் பாக்குத பிள்ளையா வந்தவ. குண்டு துளைச்ச லேப்டாப்பைக் குடுத்து, காபி கொட்டிட்டுன்னு, ரகசியமா வில்லெடுத்துச் சண்டை போடுத நாயகன் ஆலிவர் சொல்லுதான். அவ நம்பவே இல்லை. பதினாலாவதுல குண்டடி பட்டு அவ கார்லயே வந்து கிடக்கான், ரகசியம் தீந்துபோச்சு. அதுக்குப் பிறகு அவளுக்கு வேலை இருக்கு, 'இது தப்பு'ன்னு சொல்ல வாயும் இருக்கு. காமிக்ஸ்ல அவனுக்கு ஜோடி பிளாக் கேனரிதான், சீரியல்ல அந்த இடத்துல லாரல்னு ஒருத்தி இருந்தா, ஆனாலும் ஜனம் ஃபெலிசிட்டி பக்கம் சாஞ்சுது. அப்படி எழுதினவங்களே நாலாவது சீசன்ல, ஆலிவருக்கு மகன் இருக்கதை அவகிட்ட மறைக்க வச்சு ரெண்டு பேரையும் பிரிச்சாவ. எனக்கு ஆறவே இல்லை. எல்லாம் தெரிஞ்ச பிறகு ஆளுக்கொரு முடிவுல நின்னு போடுத சண்டைக்குத்தான் கனம்.

'சூப்பர்மேன் அண்ட் லோயிஸ்' இன்னும் பாக்கலையாமே? 2021ல தொடங்கும்போதே சூப்பர்மேனுக்கும் லோயிஸுக்கும் கல்யாணமாகி ரெட்டைப் பையனுவ படிக்கானுவ. மூணாவது சீசன்ல லோயிஸுக்கு மார்புப் புற்றுநோய். மலையைத் தூக்குதவன் கீமோவுக்கு முன்னால ஒண்ணும் செய்ய மாட்டாம நிக்கான். அந்தக் காட்சியில அடிக்க வில்லன் இல்லை, மறைக்க ரகசியம் இல்லை. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருதான்.

இதெல்லாம் உம்ம சித்திரக்கதைக்காகத்தான் சொல்லுதேன். சேரன்மாதேவி மேல பறக்குதவன் நல்லாத்தான் இருக்கான். அவனுக்கு ஜோடியா வாற பிள்ளை மட்டும் ஆறாவது அத்தியாயத்துலயும் 'நீ யாரு'ன்னு கேட்டுக்கிட்டு நிக்கா. ரெண்டாவதுலயே சொல்லிரும். பிறகு அவ வாற காட்சியை ஒவ்வொண்ணா எடுத்துட்டு வாசிச்சுப் பாரும். கதை தடுக்காம ஓடுச்சுன்னா, அவளுக்கு நீரு இன்னும் வேலை குடுக்கலை.

திருத்தினதை அனுப்பும். குடையையும்.

உம்ம
மச்சான்